தமுக்குச் சத்தம்

குறுமலை நாட்டு ராஜா உத்தமராயர் ஒரு சட்டம் போட்டார். கடைக்காரர் யாரும் அளவு குறைத்து விற்கக் கூடாது. ஒரு வருடம் ஆகியும் ஒருவர்கூடப் பிடிபடவில்லை.

"பார்த்தீரா, என் நாட்டில் எல்லோரும் யோக்கியர்கள்" என்று சபையில் பூரித்துப்போனார்.

யோசனை சொல்லும் வேலையில் இருந்த ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலைதான், உழக்கு எண்ணெய் வாங்கினால் முக்கால் உழக்குகூட இல்லை என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன சிரிப்பு?"

"அளவு அதிகாரி கடைவீதிக்கு எப்படிப் போகிறார், மகாராஜா?"

"முன்னால் ஒருவன் தமுக்கு அடித்துக்கொண்டு போவான். என் தாத்தா காலத்து மரியாதை அது."

"அந்தச் சத்தம் கேட்டதும், அடியில் மெழுகு அப்பிய உழக்கு பெட்டிக்குக் கீழே போய்விடும். நல்ல உழக்கு மேலே வந்துவிடும்."

ராஜாவின் முகம் சுருங்கியது. "அப்படியானால் நீரே பிடித்துக் கொடும். தமுக்கை நிறுத்தக் கூடாது. புதிதாக ஆளும் கிடையாது. பத்து நாளில் முடியாவிட்டால் சபைப் பக்கம் வர வேண்டாம்."

வீடு போகும் வழியெல்லாம் ஏகாம்பரம் யோசித்தார். மறுநாள் அதிகாரியிடம், "நீங்கள் பத்து நாள் வீட்டில் நன்றாகத் தூங்குங்கள்" என்றார். தமுக்குக்காரரிடம், "நீங்கள் மட்டும் போங்கள். நினைத்தபோதெல்லாம் அடியுங்கள்" என்றார்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. "வேலை போனால் என் அண்ணன் வீட்டில் மாடு மேய்க்கலாம்" என்றாள் மனைவி.

பத்தாம் நாள், எண்ணெய்க்கடை மாசிலாமணி ஒரு கூட்டம் வியாபாரிகளோடு சபைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மகாராஜா, அந்தத் தமுக்கை நிறுத்தச் சொல்லுங்கள். வியாபாரமே பண்ண முடியவில்லை."

"தமுக்கு உம்மை என்ன செய்தது? அடிப்பவர் கடைக்குள்கூட வருவதில்லையே."

"அதுதான் கஷ்டம். அதிகாரி வந்தால் மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். இப்போது எந்தச் சத்தத்துக்குப் பின்னால் அவர் வருவார் என்று தெரியாமல் ஒரு நாளைக்கு முப்பது தடவை உழக்கை மாற்ற..."

மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

ராஜா ஆள் அனுப்பினார். பெட்டிகளுக்குக் கீழே இருந்து ஒரு கூடை நிறைய மெழுகு உழக்கு வந்தது. அதைப் பார்த்ததும் ராஜாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏகாம்பரம், என்ன வேண்டுமோ கேளும்."

"மாசிலாமணி கடையில் ஓர் உழக்கு எண்ணெய், மகாராஜா. தமுக்குச் சத்தம் கேட்காத நேரத்தில் அளந்து."