கடைசி இடத்துக்கு டீ

"டீச்சர், இந்த ஓட்டுப் போடுறத நிறுத்துங்க. இல்லன்னா நான் கேமராவ வித்துருதேன்."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற சங்கரலிங்கம், ரெஜினாவின் ஸ்டுடியோவில் நின்று கொதித்தார். ரெஜினாவுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அதனால் டீச்சர்.

தூத்துக்குடியில் ஞாயிறுதோறும் கேமராவும் கையுமாகச் சுற்றும் கூட்டம் அவர்களுடையது. எடுத்த படங்களை வாட்ஸப் குழுவில் போட்டு, ஆளுக்கு இரண்டு ஓட்டுப் போடுவார்கள்; சொந்தப் படத்துக்குப் போட்டால் செல்லாது. கடைசியாக வந்தவர் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

சங்கரலிங்கத்தைக் கண்டாலே டீக்கடைக்காரர் அடுப்பில் பாலை ஏற்றிவிடுகிறார். மனுஷனுக்கு மானம் போகிறது.

"போன வாரம் யாரு முதல்ல வந்தது, அண்ணாச்சி?"

"கோமதி."

"என்ன படம்?"

அண்ணாச்சி மோட்டுவளையைப் பார்த்தார். பார்த்திருந்தால்தானே ஞாபகம் வரும்? தனக்கு விழுந்த ஓட்டை எண்ணியதும் போனை மூடிவிடுகிற ஆள் அவர்.

ரெஜினா ஒரு கட்டுப் படங்களை எடுத்து மேசையில் வைத்தாள். குழுவில் வந்தவைதான், பிரிண்ட் போட்டிருந்தாள். பேர் இல்லை.

"இன்னைக்கு நீங்கதான் ஜட்ஜ்."

அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எல்லோரையும் ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

படகு நிழலில் ஒரு நாய் கொட்டாவி விட்டது. சிரித்துவிட்டார்.

ஒரு குழந்தை மக்ரூனைத் தின்று தீர்க்க மனசில்லாமல் முகர்ந்துகொண்டிருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த படத்தில் கை நின்றுவிட்டது.

உப்பளத்தில் ஒருவர் மண்டியிட்டிருந்தார். வேட்டியெல்லாம் சேறு. கண்ணில் கேமரா. வாயெல்லாம் சிரிப்பு.

அவரேதான்.

"இது யாரு எடுத்தது?"

"கோமதி. போன வாரம் முதல்ல வந்த படம். எல்லாரும் இதுக்கு ஒரு ஓட்டுப் போட்டாங்க, அண்ணாச்சி."

"எல்லாருமா?"

"நீங்க மட்டும் ரெண்டையும் உங்க படத்துக்கே போட்டுக்கிட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"சரி, யாரு கடைசி? சொல்லுங்க ஜட்ஜய்யா."

"பொறுங்க டீச்சர். இன்னும் பாத்து முடியல."

கட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரர் தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வாரமும் தோத்தாச்சா?"

சங்கரலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் உப்பளத்துப் படம் துருத்திக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சிட்டம்லே! எல்லாருக்கும் டீ போடு!"