மங்கலாகத் தெரிந்த கோடு

கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் தாரணி என்றொரு குரு இருந்தாள். குருவுக்கு முப்பது வயது. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. முன்பு மரவேலை பார்த்தவர்.

கம்ப்யூட்டரில் வரைந்த படத்தில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினால், அது அடுத்தடுத்த கோட்டைப் பிடித்துச் சுற்றி வரும்; மிஷினின் கத்தி அந்தக் கோட்டிலேயே போய் அலுமினியத்தை வெட்டும். தொட்டுக் காட்டுவதுதான் வித்தை.

"இன்னைக்கு இந்தப் பிளேட்டை நீங்களே போட்டு ஓட்டிட்டா, நாளையிலிருந்து மிஷின் உங்க கையிலண்ணா. இல்லாட்டி பிசிறு சீவற மேசைக்கே போயிருங்க" என்று காலையில் சொல்லியிருந்தாள் குரு.

சென்னியப்பனுக்குப் பிசிறு சீவ வருத்தமில்லை. ஆனால் மிஷினே தன் கையில்தான் என்று சம்பந்தியிடம் எப்போதோ சொல்லிவிட்டார். அதைப் பார்க்க அந்த மனிதர் சாயங்காலம் வருகிறார்.

கோட்டைத் தொட்டார். பிளேட்டின் ஓரம் மஞ்சளாக மின்னிக்கொண்டே போய், இடப்பக்க மூலையில் நின்றுவிட்டது. மவுசைத் துடைத்துவிட்டுத் தொட்டார். அங்கேயே நின்றது. நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டுத் தொட்டார். கிழக்கும் உதவவில்லை.

"அம்மணி, கோடு எம் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"இடப்பக்கக் கோடு மங்கலாத் தெரிஞ்சுதுங்க. அது மேலயே இன்னொருக்கா போட்டேன். அப்பவும் மங்கல். இன்னும் ரெண்டு தடவை அழுத்திப் போட்டேனுங்க. பலகையில பென்சிலு அப்படித்தானுங்களே?"

தாரணி எழுந்தாள். "வாங்கண்ணா, டீ குடிக்கலாம்."

"சம்பந்தி வர்ற நேரமுங்க..."

"அதுக்குத்தான் சொல்றேன்."

டீக்கடையில் சென்னியப்பனின் சிநேகிதர் ஆறுக்குட்டி முதுகைக் காட்டி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

"அவரைக் கூப்பிடுங்கண்ணா."

"மாப்ளே!"

டீ மாஸ்டர் திரும்பினார். லோடு இறக்கிக்கொண்டிருந்த இருவர் திரும்பினார்கள். ஆறுக்குட்டி மட்டும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வடையிலேயே இருந்தார்.

"காதுல விழலையாட்ட இருக்குது. அழுத்திக் கூப்பிடுங்க."

"மாப்ளேய்ய்!"

எதிர்ச்சாரிக் கடையிலிருந்தவர்களும் திரும்பினார்கள். பைக்கில் போன ஒருவன் பிரேக் போட்டு, "என்னையா மாமா?" என்றான். ஆறுக்குட்டி இரண்டாவது வடையை எடுத்தார்.

சென்னியப்பன் டீ கிளாசைப் பாதியில் வைத்தார். "அம்மணி... அப்ப அந்த மூலையில ஒண்ணு மேல ஒண்ணா நாலு கோடு..."

"கம்ப்யூட்டர் முழிச்சுக்கிட்டு நிக்குதுங்க. எந்த மாப்ளை பின்னாடி போறதுன்னு."

சென்னியப்பன் ஓடிவந்து உட்கார்ந்து இடப்பக்கக் கோட்டை அழித்தார். கோடு அப்படியே இருந்தது. மறுபடி அழித்தார். இருந்தது. வாசலில் சம்பந்தியின் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை அழித்தார். அப்போதும் இருந்தது. கடைசியாக ஒரு தட்டு.

கோடே இல்லை.

"போச்சுங்க அம்மணி! சம்பந்தி வந்துட்டாரு, கோடு போயிருச்சு!"

"போனதுல கடைசி ஆளை மட்டும் திரும்பக் கூப்பிடுங்க."

கடைசியாக அழித்ததை மட்டும் மீட்டார். ஒற்றைக் கோடு, முதலில் இருந்த அதே மங்கலோடு வந்து நின்றது. தொட்டார். மஞ்சள் வெளிச்சம் மூலையைத் தாண்டி, ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. மிஷினைத் தட்டிவிட்டார். கத்தி அலுமினியத்தில் இறங்கியது.

சம்பந்தி பின்னால் வந்து நின்றார். கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு மானிட்டரை உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் சரிங்க சம்பந்தி. ஆனா இந்த இடப்பக்கக் கோடு கொஞ்சம் மங்கலா இருக்குதுங்களே. இன்னொருக்கா அழுத்திப் போட்டா என்னங்க?"

சென்னியப்பன் குருவைப் பார்த்தார்.

"அண்ணா," என்றாள் தாரணி, "ஐயாவை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க."