எண்பது சேலை வேலி

கணக்கில் புலி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பாதியில் விடை சொல்லக் கூடாது. இது சேலைக் கணக்கு. இதில் தப்பினால் மதிப்பெண் போகாது, ஒரு பெண்பிள்ளையின் படிப்பே போய்விடும்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் வேடியப்பனுக்கும் அவன் தங்கை பூங்காவனத்துக்கும் ஒட்டினாற்போல மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையைத்தான் அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். இரண்டு கொல்லையும் ஒரே அளவு: அகலம் பத்துச் சேலை, நீளம் இருபது சேலை. நடுவில் நீளவாக்கில் ஒரே வரப்பு. சேலையில் அளப்பதா என்று சிரிக்காதீர்கள். காட்டுப்பன்றி இறங்குகிற ஊரில் கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டுவார்கள். துணி ஆடுவதைப் பார்த்துப் பன்றி மிரண்டு ஒதுங்கிப் போகும். அங்கே சேலைதான் அளவுகோல்.

அந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. பிடுங்க இன்னும் ஒரு வாரம். அதற்குள் பக்கத்துக் கொல்லை ஒன்றைப் பன்றிக் கூட்டம் ஏர் ஓட்டியதுபோலப் புரட்டிவிட்டுப் போயிற்று. அடுத்தது இவர்கள் முறை. ஊர்ப் பெண்கள் பரணில் கிடந்ததையெல்லாம் உதறிக் கொடுத்ததில் எண்பது சேலை தேறியது. ஒரு கொல்லையைச் சுற்றவே அறுபது வேண்டும், இரண்டுக்கும் நூற்றிருபது. எங்கே போவது நாற்பதுக்கு?

வேடியப்பன் அநியாயக்காரன் இல்லை. "நாப்பது உனக்கு, நாப்பது எனக்கு. யார் வயித்துலயும் யாரும் அடிக்கல" என்று எண்ணிக் கொடுத்துவிட்டான்.

"அண்ணே, ரெண்டையும் சேத்து ஒரே வேலியா..." என்று பூங்காவனம் ஆரம்பித்தாள்.

"பேசாதே!"

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த நடு வரப்பை யார் செதுக்கினார்கள் என்று இருவருக்கும் பெரிய சண்டை. அப்போது பச்சையம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் அவன். "அவ கொல்லையும் என் கொல்லையும் இனி ஒரு வேலிக்குள்ள நிக்காது. நான் நிக்க விடமாட்டேன்." சாமி முன்னால் சொன்ன வார்த்தை, லேசில் விடுவானா?

நாற்பது சேலையில் பத்துக்குப் பத்துதான் அடையும். ஆளுக்குக் கீழண்டைப் பாதியை மட்டும் அடைத்தார்கள். மேலண்டைப் பாதி பன்றிக்கு என்று விட்டாயிற்று. அண்ணனுக்கு அது நஷ்டம், அவ்வளவுதான். தங்கைக்கு அப்படியில்லை. அவள் புருஷன் கால் ஒடிந்து கட்டிலில் கிடக்கிறான். முழு விளைச்சலும் வந்தால் ஊரில் இருக்கலாம். பாதி போனால் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகவேண்டியதுதான், பத்தாவது படிக்கிற மகள் கோகிலா உட்பட.

மறுநாள் வேடியப்பன் வெடி வாங்க டவுனுக்குப் போயிருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் மனைவி தனபாக்கியம் குச்சிகளைச் சரிபார்க்க வந்தவள், நடு வரப்பில் அப்படியே நின்றுவிட்டாள். வரப்புக்கு இந்தப் பக்கம் அவள் சேலை பத்து. அந்தப் பக்கம் நாத்தனார் சேலை பத்து. ஒரு சாண் இடைவெளியில் முதுகும் முதுகுமாக நிற்கின்றன.

"அடியே பூங்காவனம், இந்த இருபதும் எந்தப் பன்னியத் தடுக்குது? இதையும் குறுக்க கட்டின இருபதையும் அவுத்து வெளிச்சுத்துல கட்டிடலாம், வா."

பூங்காவனம் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "வேணாம் அண்ணி! இருட்டறதுக்குள்ள முடியலன்னா இருக்கிற பாதியும் போயிடும். அண்ணன் வந்தா பிடுங்கிப் போட்டுடும். இந்தப் பாதியாவது எனக்கு மிஞ்சட்டும்."

"பாதி மிஞ்சினா கோகிலா இங்க இருப்பாளா?"

முதல் முடிச்சைப் பூங்காவனமே அவிழ்த்தாள்.

குச்சியைப் பிடுங்குவதும் ஓடுவதும் நடுவதும் கட்டுவதுமாக இரண்டு பேரும் நாயாய் அலைந்தார்கள். கையெல்லாம் கீறல். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நாற்பதில் முப்பத்தொன்பது முடிந்து, மேலண்டையில் நடு வரப்பு முடிகிற இடத்தில் ஒரு சேலை நீளத்துக்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. கடைசிச் சேலையை எடுக்கத் தனபாக்கியம் குனிந்தபோது அது ஏற்கெனவே வேடியப்பன் கையில் இருந்தது.

"யாரைக் கேட்டு அவுத்தே?"

"யாரையும் கேக்கல. கட்டுங்க."

"சாமிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டி!"

மலைப்பக்கம் புதருக்குள் உறுமல் கேட்டது. பழையபடி மாற்றிக் கட்ட இனி வெளிச்சம் இல்லை. இந்த ஒரு சேலை கட்டப்படாவிட்டால் இரண்டு கொல்லையும் காலி. கட்டினால் சத்தியம் காலி. பூங்காவனம் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது வாயைத் திறக்கலாம். சரிபாதியாகப் பிரித்துச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேடியப்பனா, இருக்கிற பாதியே போதும் என்று பயந்த பூங்காவனமா, கேட்காமல் அவிழ்த்த தனபாக்கியமா, இதில் யார் செய்தது சரி? அந்தச் சேலையை அவன் கட்டலாமா, கூடாதா?

விடை: வேடியப்பன் சரிபாதியாகப் பிரித்தது சுற்றளவை. அதில் பரப்பளவு பாதியாகிவிட்டது. தனித்தனியே நாற்பது சேலைக்குள் அடைவது பத்துக்குப் பத்து, ஒரு சேலைக்கு ஒரு சேலை அளவில் நூறு கட்டம். இருவருக்கும் சேர்த்து இருநூறு. ஒன்றாக எண்பது சேலைக்குள் அடைவது இருபதுக்கு இருபது, நானூறு கட்டம். அதாவது இரண்டு கொல்லையும் முழுசாக! நூற்றிருபதுக்குக் குறைந்த நாற்பதும் நடு வரப்பை இரண்டு தடவை எண்ணியதால் வந்த குறை. பூங்காவனத்தின் பயத்தில் தப்பில்லை, ஆனால் அந்தப் பயம் மகளைக் காப்பாற்றாது. தனபாக்கியம் செய்ததுதான் சரி. அப்படியானால் சத்தியம்? தன் வார்த்தைக்காகத் தன் கொல்லையில் நூறு கட்டத்தைப் பன்றிக்கு விட வேடியப்பனுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வார்த்தைக்காகப் போக இருந்ததில் இன்னொரு நூறு தங்கையுடையது. அதை விட்டுக்கொடுக்க அவன் யார்? இது அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். அந்த வருஷம் பூங்காவனம் குடும்பம் சூளைக்குப் போகவில்லை.