பானெட்டுக்கு ஜன்னல் வைத்த கதை

மலையடிவாரத்தில் ஊத்துக்கரைப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. செலவழிந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் சடையாண்டி ஒரு பழைய ஜீப் வைத்திருந்தான். மேலே காப்பித் தோட்டங்களுக்கு ஆளும் அரிசியும் ஏற்றிப் போவான். நல்ல வண்டிதான். ஆனால் நாலாம் வளைவு வந்தால் போதும், ரேடியேட்டர் கொதித்து, இன்ஜினை மூடியிருக்கும் பானெட்டின் இடுக்கில் ஆவி பறக்கும். சடையாண்டி இறங்கி, பானெட்டைத் திறந்துவைத்து, துண்டால் விசிறிக்கொண்டு நிற்பான். ஏறியிருந்தவர்கள் எல்லாம் நடந்தே தோட்டம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

மேல்மலையில் வீரணன் மகள் விருமாயியை அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். சும்மா ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை. வீரணனிடம் பெண் கேட்டுப் போனான். அன்றைக்கும் கடைசி மூன்று மைல் நடைதான்.

வேர்த்து வழிந்து நின்றவனை வீரணன் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏப்பா சடையா, உன் வண்டியை நம்பி எம்பொண்ணை எப்படி அனுப்புறது? நான் ஒண்ணு சொல்றேன். வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். வழியில ஒரு தடவைகூடப் பானெட்டைத் திறக்காம எங்க வாசல் வரைக்கும் வண்டியை ஏத்திக் கொண்டுவா. வந்தா அன்னைக்கே தாலி கட்டு. திறந்தியோ, அப்படியே திரும்பிப் போயிரு."

சடையாண்டி நேரே டவுனுக்கு ஓடி மெக்கானிக் சூசையிடம் முறையிட்டான். சூசை இரண்டு இரும்புச் சல்லடைத் தகடுகளை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"சூடு வெளியே போக வழியில்லை, அதான் கொதிக்குது. பானெட்டைக் கழட்டி ரெண்டு ஓட்டை வெட்டி இதைப் பதிச்சிரு. ஒண்ணும் பெரிய வேலை இல்லைப்பா. வீட்டுக்கு ஜன்னல் வைக்கிற மாதிரிதான்."

பாவம், நல்ல மனிதர். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சடையாண்டி ஊருக்கு வந்து, ஜன்னல் வைக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டான். கொத்தனார் ஒச்சப்பன் வந்தான். தச்சன் மொக்கராசு வந்தான். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து அவனுக்குக் கூட்டாளிகள். பானெட்டைக் கழற்றி முற்றத்தில் கிடத்திவிட்டு, மூன்று பேரும் அதைச் சுற்றிக் குத்தவைத்தார்கள்.

"ஜன்னல்னா திசை பார்க்கணும்," என்றான் ஒச்சப்பன். "சூடு போற ஜன்னலை அக்கினி மூலையில வைக்கணும். தென்கிழக்கு."

"வண்டி இப்ப வடக்கே பார்த்து நிக்குது," என்றான் மொக்கராசு. "வளைவுல திரும்புச்சுன்னா தென்கிழக்கு எங்கே போகும்?"

ஒச்சப்பன் பீடியைப் பற்றவைத்தான். இப்படி ஒரு சிக்கல் அவன் கட்டின எந்த வீட்டிலும் வந்ததில்லை. வீடுகள் வளைவில் திரும்புவதில்லை.

சடையாண்டிதான் வழி சொன்னான். "வண்டி கொதிக்கிறது நாலாம் வளைவுலதானே? அங்கே தென்கிழக்கு எந்தப் பக்கமோ, அங்கே ஜன்னலை வச்சிருவோம்."

"மாப்பிள்ளை ஆகப்போறவன் மூளையைப் பாரு," என்று மொக்கராசு அவன் முதுகில் தட்டினான்.

பானெட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் நாலாம் வளைவு வரைக்கும் நடந்தார்கள். ஜீப்பில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சடையாண்டியும் கேட்டான். "நல்லா கேட்டே போ. ஜன்னல் வைக்காத வண்டி கொதிச்சிராதா?" என்றான் ஒச்சப்பன். வளைவில் பானெட்டை இறக்கி, சூரியனைப் பார்த்து, கரிக்கட்டியால் கோடு போட்டு, மறுபடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சடையாண்டிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஓட்டை வெட்டியாகிவிட்டது. மொக்கராசு வேப்பமரத்தில் இரண்டு சட்டம் இழைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டினான். ஒச்சப்பன் சிமெண்டும் மணலும் குழைத்துச் சட்டத்தையும் சல்லடையையும் பதித்துப் பூசினான். மழைச்சாரல் அடிக்காமல் இருக்க ஜன்னலுக்கு மேலே சின்னதாக ஒரு சன்ஷேடும் இழுத்துவிட்டான். பூச்சு வேலையில் அவனைக் குறை சொல்லவே முடியாது. பானெட் என்று சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் யாராக இருந்தாலும் குடிபோக ஆசைப்படுவார்கள்.

சடையாண்டிக்கு மனசு நிறைந்துபோனது. "சரி, தூக்குங்க. மாட்டிருவோம்."

ஒச்சப்பன் பதறிப்போனான். "ஏண்டா, ஈரப் பூச்சையா தூக்குறது? ஒரு வாரம் சாக்குப் போட்டுத் தண்ணி ஊத்தணும். இல்லாட்டி வெடிப்பு விட்டிரும். அப்புறம் ஊரு என்னையில்ல பேசும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைடா."

"சிமெண்டுக்கு வெள்ளி, சனி தெரியுமா?"

சடையாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். விருமாயி முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. மொக்கராசுவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"உன் மாமன் என்ன சொன்னாரு? வழியில பானெட்டைத் திறக்கக்கூடாதுன்னாரு. கொண்டுவரணும்னு சொன்னாரா?"

"சொல்லலையே."

"அப்ப அது பாட்டுக்கு வீட்டுல இருக்கட்டும். வீட்டுல இருக்கிற பானெட்டை வழியில எப்படித் திறக்க முடியும்?"

ஒச்சப்பன் தண்ணீர் ஊற்ற ஊரிலேயே தங்கிக்கொண்டான். சடையாண்டியும் மொக்கராசும் வெள்ளிக்கிழமை விடிந்ததும் பட்டு வேட்டியோடு கிளம்பினார்கள். பானெட் இல்லாத இன்ஜினில் மலைக்காற்று ஜிலுஜிலு என்று அடித்தது. நாலாம் வளைவு வந்தது. சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டான். மொக்கராசு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். வளைவு போனது. ஆவி வரவில்லை.

"பார்த்தியா, ஜன்னல் வேலை செய்யுது," என்றான் மொக்கராசு. "வீட்டுல இருந்துகிட்டே இப்படிக் குளிர்ச்சி கொடுக்குதுன்னா, மாட்டினா நமக்குச் சளி பிடிச்சிரும்."

வீரணன் வாசலில் ஜீப் போய் நின்றபோது மேளமே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. நடக்காமல் வந்த சடையாண்டியை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. வண்டியின் முன்பக்கம் திறந்து கிடப்பது கல்யாண வீட்டுக்கு நல்லாயில்லை என்று பெண்கள் அதன்மேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டார்கள்.

வீரணன் மட்டும் விறைப்பாக நின்றார். "வழியில பானெட்டைத் திறந்தியா?"

"இல்லை மாமா. அது வீட்டுல இருக்கு."

"வீட்டுல யாராவது திறந்திருந்தா?"

நியாயமான கேள்விதான். சடையாண்டி ஒச்சப்பனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஒச்சப்பா, பானெட் மூடியிருக்கா, திறந்திருக்கா?"

"மேல ஈரச்சாக்கு கிடக்கு, தெரியலையே. இரு, திறந்து பார்த்துச் சொல்றேன்."

போனில் முனகல் கேட்டது. ஏதோ நகர்ந்தது. கோழி ஒன்று கத்தியது. பிறகு ஒச்சப்பனின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"சடையா, மூடித்தான் இருந்துச்சு. ஆனா மனசைத் தேத்திக்க. தூக்கிப் பார்த்தேன். உள்ளே இன்ஜினைக் காணோம்."

"என்னடா சொல்றே?"

"இன்ஜின் இருக்கிற இடத்துல ஒரு கோழி படுத்திருக்கு. ராத்திரி நான்தான் காவல் இருந்தேன். கொஞ்சம் கண் அசந்துட்டேன். எவனோ எடுத்துட்டான்."

சடையாண்டி அப்படியே ஜீப்பில் சாய்ந்துவிட்டான். பெண்ணும் போச்சு, பிழைப்பும் போச்சு என்று புலம்பினான். மொக்கராசு மெதுவாக, "எதுக்கும் இந்த ஜமுக்காளத்தைத் தூக்கிப் பார்ப்போமா?" என்றான்.

"பானெட்டுக்குக் கீழேயே இல்லாத இன்ஜின் ஜமுக்காளத்துக்குக் கீழே எங்கேயிருந்து வரும்?" என்று அதட்டினார் வீரணன். "சீர்த்தட்டைக் கலைக்காதே."

பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. ஊராரைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? இன்ஜின் இருக்கிற வண்டியே நாலாம் வளைவுல நின்னுரும். எம்மருமகன் இன்ஜினே இல்லாம ஏத்திக் கொண்டாந்திருக்கான். இவனை விட்டா எனக்கு வேற எவன் கிடைப்பான்? கெட்டிமேளத்தை அடிங்கப்பா."

தாலி கட்டியாகிவிட்டது. பந்தியும் முடிந்தது. அடுத்து, களவுபோன இன்ஜினுக்குக் கீழே டவுன் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வேண்டும். இன்ஜின் இல்லாத வண்டியை இறக்கத்தில் சும்மா விட முடியுமா? சீர்த்தட்டும் ஜமுக்காளமும் அசையாமல் இருக்கப் பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் வடக்கயிறு கட்டி, ஊரே பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கியது. இத்தனை பேர் நமக்காகக் கஷ்டப்படும்போது நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்காது என்று சடையாண்டி சாவியைத் திருகி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தான்.

கொஞ்ச தூரம் போனதும், பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த விருமாயி முதல்முறையாகப் புருஷனிடம் வாய் திறந்தாள்.

"ஏங்க, அந்த டுர்ருங்கிற சத்தத்தை நிறுத்துங்க. நாம வர்றது கேட்டா, திருடன் இன்ஜினைத் தூக்கிக்கிட்டு ஓடிர மாட்டானா?"

எனக்கு வாய்த்தவள் எவ்வளவு விவரமானவள் என்று பூரித்துப்போய், சடையாண்டி சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தான்.