பொன்னி நடந்த கிழமை

மாசிலாமணி ஓடி யாரும் பார்த்ததில்லை. நாற்பத்தெட்டு வயது. கனத்த உடம்பு. நிதானமான ஆள். பஸ் கிளம்பினாலும் நடந்துதான் போவார். இதை விட்டால் அடுத்தது என்பார்.

அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடத்துப் பாதையில் ஓடினார். வழியில் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் வேலியோரம் உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினார்.

ஆத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த சின்ன மடம் அது. மரகதம்மை அதன் தலைவி. மாசிலாமணியைவிட வயதில் இளையவர். ஆனாலும் மாசிலாமணிக்கு அவர்தான் குரு.

அம்மை கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா! பொன்னி நடந்துட்டா!"

கீரை ஆய்ந்த கை நின்றது. அம்மையின் முகம் மலர்ந்தது.

"எப்படி நடந்தா?"

"சுவத்தை விட்டுட்டு, யாரும் பிடிக்காம, தானாவே நடந்துட்டாம்மா!"

"அதான், எப்படி நடந்தா?"

"எப்படின்னா... நடந்தாம்மா."

"அப்படிச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? நடந்து காட்டுங்க."

மாசிலாமணி ஒரு நொடி தயங்கினார். பிறகு கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார். வயிற்றை முன்னால் தள்ளினார். பரிசலில் நிற்பவர்போல அங்கும் இங்கும் ஆடினார். ஒரு காலை எடுத்து வைத்தார். நின்றார். தன்னைத்தானே மெச்சிக்கொண்டு சிரித்தார். அடுத்த காலை வைத்தார்.

அம்மை எழுந்தே விட்டார். மடியில் இருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது.

"விழுந்தாளா?"

"விழப் போனாம்மா. இப்படி ஒரு பக்கமாச் சாஞ்சா. எனக்கு உசிரே போயிடுச்சு. ஆனா விழலை!"

"அப்புறம்?"

"நேரா வந்து என் முழங்காலைக் கட்டிக்கிட்டா. கட்டிக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாம்மா..."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அம்மை விடுவிடுவென்று வாசலுக்குப் போய்ச் சாப்பாட்டு மணியை அடித்தார். வேளையல்லாத வேளையில் மணி கேட்டதும், என்னவோ ஏதோ என்று கொல்லையில் இருந்தவர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். சமையல் பார்க்கும் தணிகாசலம் கரண்டியோடு வந்தார்.

"நம்ம மாசிலாமணி மக நடந்துட்டா. அவர் நடந்து காட்டுவார், எல்லாரும் பாருங்க" என்றார் அம்மை.

மாசிலாமணி மறுபடியும் நடந்து காட்டினார். கூடமே கை தட்டியது. "கால் இப்படியா வெச்சா?" என்று தணிகாசலமும் கூடச் சேர்ந்து நடந்து பார்த்தார். அன்று கஞ்சி வைக்க ஏற்றிய உலையில் பாயசம் கொதித்தது.

இவ்வளவு கொண்டாட்டத்துக்குக் காரணம் இருந்தது.

மாசிலாமணிக்கும் செண்பகத்துக்கும் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. அந்த நாட்களில் மடத்துக்கு வரும்போதெல்லாம் மாசிலாமணி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "பற்றை எப்படிம்மா விடறது?" அம்மையும் ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்வார். பொன்னி பிறந்த பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அம்மையும் நினைவூட்டவில்லை.

ஆனால் மாசிலாமணியின் தொழில் அப்படி. நெல் அறுக்கிற வண்டி ஓட்டுபவர். எங்கே கதிர் முற்றுகிறதோ அங்கே வண்டி போகும். வண்டி போகிற இடத்துக்கு அவரும் போக வேண்டும். பொன்னி குப்புற விழுந்தபோது அவர் மதுரைப் பக்கம் இருந்தார். முதல் பல் முளைத்தபோது திருவாரூரில் ஒரு வயலில் வண்டி சேற்றில் சிக்கியிருந்தது. பல்லுக் கொழுக்கட்டையை ஊரே தின்றது. அவருக்கு அது போட்டோவில்தான் வந்தது. முதல் முதலாக அவள் "அப்பா" என்றதை போனில் கேட்டார். வண்டி இரைச்சலில் அதுவும் பாதிதான் காதில் விழுந்தது.

அதனால்தான் தை பிறந்து தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பும்போது, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே, "செண்பகம், அவ நடக்கறதை மட்டும் நான் பார்த்துடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது செண்பகத்தின் கையில் இருப்பதுபோல.

பிறகு தினமும் வேலை முடிந்ததும் போன்.

"நடந்துட்டாளா?"

"இன்னும் இல்லைங்க. அப்பா வரட்டும்னு காத்திருக்கா."

முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கையைக் கழுவிக்கொண்டு வாசற்படியில் குந்தினார். செண்பகம் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, "யாரு வந்திருக்காங்க பாரு" என்றாள். பொன்னி பார்த்தாள். சுவரை விட்டாள். நடந்தாள்.

பாயசம் குடித்துவிட்டுக் கிளம்பிய மாசிலாமணி, கடைத்தெருவில் ஒரு பை நிறையக் கமர்கட் வாங்கினார். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்து அங்கன்வாடி வாசலில் ஆயா செல்லம்மாளுக்கும் கொடுத்தார்.

"எடுத்துக்கங்க அக்கா. பொன்னி நடந்துட்டா!"

"நல்லா இருக்கட்டும்" என்று வாயில் போட்டுக்கொண்டாள் செல்லம்மாள். "செவ்வாய்க்கிழமை எங்க வாசல் வரைக்கும் வந்துட்டாளே. கெட்டிக்காரி!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் வேற பிள்ளையைச் சொல்றேன் போலிருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

மாசிலாமணி பையோடு அங்கேயே நின்றார்.

வீட்டில் செண்பகம் இலை போட்டு வைத்திருந்தாள். அவர் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"பொன்னி எப்ப நடந்தா?"

குழம்பு ஊற்றப் போன கை தாழ்ந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. போனில் சொல்லலாம், முகத்துக்கு நேரே வராது.

"செவ்வாய்க்கிழமை."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"தெருவுக்குத் தெரியும். நான்தான் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு எல்லாரையும் கேட்டுக்கிட்டேன்."

"மடத்துல?"

"அம்மாவுக்கும் தெரியும்."

காலையில் கூடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு ஆடி ஆடி நடந்தது நினைவுக்கு வந்தது. மாசிலாமணிக்குக் காதெல்லாம் சுட்டது.

"ஊரே சேர்ந்து என்னை வெச்சு நாடகம் ஆடியிருக்கீங்க."

"அப்படி இல்லைங்க..."

அவர் எழுந்துவிட்டார். கட்டிய நாளிலிருந்து செண்பகம் போட்ட இலையை விட்டு அவர் எழுந்ததில்லை. அவள் வாசலுக்கு வருவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டார்.

மடத்தில் தணிகாசலம் ஒரு காலை முன்னால் வைத்து ஆடிக்காட்டி வரவேற்றார். மாசிலாமணி அவரைப் பார்க்கவில்லை. நேரே அம்மையின் முன்னால் போய் நின்றார். வணங்கவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். புதன்கிழமை செண்பகம் வந்து சொன்னா."

"தெரிஞ்சும் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டீங்க."

"நான் என்ன கேட்டேன்?"

"எப்படி நடந்தான்னு கேட்டீங்க."

"ஆமா. வெள்ளிக்கிழமை உங்ககிட்ட எப்படி நடந்து வந்தாள்னு எனக்கு யார் சொன்னாங்க? நீங்க காட்டித்தானே பார்த்தேன்."

மாசிலாமணிக்குக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"குருவே பொய்க்குத் துணை போகலாமாம்மா?"

"செண்பகம் அழுதுக்கிட்டே வந்தா. 'அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, அதையும் என்னால காப்பாத்த முடியலையே'ன்னு இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் அவளுக்கு ஒண்ணும் சொல்லலை. தண்ணி கொடுத்தேன்."

அவள் அழுதது மாசிலாமணிக்குத் தெரியாது. புதன்கிழமை சாயங்காலம்கூடப் போனில் சிரித்துத்தான் பேசினாள்.

அவர் தூண் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

"என் வருத்தம் உங்களுக்குப் புரியாதும்மா. வண்டி மேல உட்கார்ந்தா நாள் பூரா நெல்லும் தூசியும்தான். அவ நடக்கறதை மனசுக்குள்ள ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கிட்டே அறுத்தேன். வந்து பார்த்தேன். பார்த்துட்டேன்னு ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். கடைசியில நான் பார்த்தது பழசு. ஊரே பார்த்து முடிச்ச பிறகு எனக்குக் காட்டினது."

வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. செண்பகம் வந்திருந்தாள். இடுப்பில் பொன்னி. வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்திருந்தது. அம்மையைக் கும்பிட்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். குருவின் எதிரில் அவள் உரக்கப் பேசியதில்லை. இன்று பேசினாள்.

"நாடகம்னு சொன்னீங்களே. கேளுங்க. செவ்வாய்க்கிழமை அவ நடந்தப்ப தெருவே கை தட்டுச்சு. எனக்குக் கை வரலைங்க. இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், நீங்க இல்லை. யாரைப் பார்த்து நான் சிரிக்கிறது? பிள்ளையைத் தூக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். வெள்ளிக்கிழமை உங்க பக்கத்துல நின்னுக்கிட்டுக் கை தட்டினேன் பாருங்க, அப்பத்தான் எனக்கே என் பிள்ளை நடந்த மாதிரி இருந்துச்சு. அதுல என்ன நாடகம்?"

தணிகாசலம் மெல்ல அடுக்களைக்குள் போய்விட்டார்.

மாசிலாமணி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. ஆனால் ஏக்கம் போகவில்லை. அது குழந்தையின் ஏக்கம் மாதிரி, சமாதானம் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடும் வகை.

"நீ சொல்றது சரிதான் செண்பகம். நான் எழுந்து வந்தது தப்புதான்" என்றார். பிறகு அம்மையைப் பார்த்தார். "ஆனாலும் அம்மா... முதல் நடை முதல் நடைதானே? அது போனது போனதுதானே?"

மரகதம்மை செண்பகத்தைக் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும்மா."

"வாசல்ல விளையாடிக்கிட்டிருந்தாம்மா. எதிர்வீட்டுச் சேவல் வந்துச்சு. பெரிய சேவல். கொண்டையை ஆட்டிக்கிட்டு இவ முன்னாடி அப்படியும் இப்படியும் போச்சு. இவ சுவத்தைப் பிடிச்சு எழுந்தா. அது நகர்ந்துச்சு. இவ சுவத்தை விட்டுட்டா. அது அங்கன்வாடிப் பக்கம் ஓட, இவளும் கையை நீட்டிக்கிட்டே பின்னால போயிட்டா."

"அப்புறம்?"

"அது பறந்து வேலி மேல ஏறிக்கிச்சு. இவ கீழே உட்கார்ந்து அழுதா."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை..." செண்பகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அதான் இவரே நடந்து காட்டினாராமே."

பொன்னி இடுப்பிலிருந்து இறங்கத் துள்ளினாள்.

அம்மை மாசிலாமணியின் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை நடை சேவலோடது. வெள்ளிக்கிழமை நடை உங்களோடது. மாத்திக்கணும்னா சொல்லுங்க, எதிர்வீட்டுல நான் பேசறேன்."