ஏழாம் எண் வண்டியின் எடை

ஒரே கேள்வியை ஒருவரிடம் எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. வையாபுரிக்கு அது தெரியாது.

அவருக்கு வயது அறுபத்தொன்று. நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெனிட்டாவுக்கு நாற்பது. கோவையில் பழைய பந்தயக் கார்களைச் சரிசெய்யும் பட்டறை அவருடையது. அங்கே வையாபுரி மூன்று வருடமாகத் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். தன்னைவிட இளையவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை, பெனிட்டாவை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார்.

கேள்வி இதுதான்.

"ஏனுங்க மேஸ்திரி, இதுல எது அசல்?"

'இது' என்பது ஏழாம் எண் வண்டி. ஒரு காலத்தில் நான்கே வருடம் நடந்து நின்றுபோன பந்தயம் ஒன்று. அதில் ஓடியவை பன்னிரண்டு வண்டிகள். பன்னிரண்டும் ஒரே பட்டறையில், ஒரே வரைபடத்தைப் பார்த்துச் செய்தவை. இன்ஜினும் ஒன்றுதான். வசதியுள்ளவர் பெரிய இன்ஜினை மாட்டிக்கொண்டு ஜெயிக்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. நன்றாக ஓட்டுகிறவர் முதலில் வருவார், அவ்வளவுதான்.

ஏழாம் எண்ணை ஓட்டியவர் நளாயினி. பத்தொன்பது வயதில் பட்டம் வென்றவர். அந்த வண்டியை ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் கண்டுபிடித்து வாங்கி வந்த நாளிலிருந்து வையாபுரிக்கு ஒரே ஆசை. அந்த அம்மா வந்து பார்த்து, இது என் வண்டிதான் என்று சொல்ல வேண்டும். பிறகு டிராக்கில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும்.

ஆசையில் தப்பில்லை. அதற்காக அவர் செய்த காரியங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எங்கேயோ அலைந்து பழைய வரைபடத்தின் நகலை வாங்கி வந்து சுவரில் ஒட்டினார். அதில் இல்லாத எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்று முடிவு கட்டினார். கூடுதலாக இருந்த துளைகளை அடைத்தார். யாரோ வைத்திருந்த ஒட்டுகளைப் பிரித்தார். கழற்றிய எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள் என்று பெனிட்டா இரண்டு முறை சொன்னார். வையாபுரி பெட்டியில்தான் போட்டார். பெட்டி நிறைந்ததும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டார். இந்த மனிதரை என்ன செய்வது?

"எது அசல்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேங்கறீங்களே, மேஸ்திரி."

"காலையில இருந்து இது நாலாவது தடவை சார். அந்த ஸ்பேனரை எடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நளாயினி வந்தார். நரைத்த கிராப்பு, ஒல்லியான உடம்பு. வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். வேலைப்பாட்டைப் பாராட்டினார். பிறகு குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா இது எந்த வண்டின்னு எனக்குத் தெரியலைங்க."

வையாபுரியின் முகம் சுண்டிப்போயிற்று. வண்டியின் இரும்புச் சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணைக் காட்டினார். பழைய புகைப்படங்களைக் காட்டினார். நளாயினி எதையும் மறுக்கவில்லை. பொறுமையாக விளக்கினார்.

ஓட்டுகிறவரும் வண்டியும் சேர்ந்த எடை ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி இருந்தது. ஓட்டுகிறவர் ஐம்பத்தைந்து கிலோவுக்குக் குறைவாக இருந்தால், குறைகிற எடைக்கு இரும்புத் தகடு பூட்டிக்கொள்ள வேண்டும். நளாயினி அப்போது நாற்பத்தொரு கிலோ. இருக்கைக்கு அடியில் பதினான்கு கிலோ தகடு பூட்டினார்கள். மற்ற பதினொரு பேரும் வாட்டசாட்டமான ஆண்கள். அவர்கள் யாருக்கும் தகடு கிடையாது.

"வளைவுல திரும்பறப்ப அந்தத் தகடு லேசா முனகும். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தைரியமே வரும்" என்றார்.

பன்னிரண்டு வண்டிகளில் இந்த ஒன்றில் மட்டும் இருந்த பொருள் அது. வரைபடத்தில் அது எப்படி இருக்கும்?

அப்படியொரு தகட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டது வையாபுரிக்கு நினைவு வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். பழைய இரும்புக் கடை பூட்டியிருந்தது. கடைக்காரரின் வீட்டுக்கே போய்க் கேட்டார். பெட்டியோடு எல்லாமே போன மாதம் உருக்குவதற்குப் போய்விட்டது என்றார் அவர்.

திரும்பி வந்தபோது நளாயினி காபி குடித்துக்கொண்டிருந்தார். அவரை நிமிர்ந்து பார்க்க வையாபுரிக்குக் கூசியது. நேரே பெனிட்டாவிடம் போய் நின்றார்.

"மேஸ்திரி, தப்புப் பண்ணிட்டேன். பதினாலு கிலோவுல ஒரு தகடு வெட்டிக் குடுங்க. ரெண்டு நாள் உப்புத் தண்ணியில போட்டு வெச்சா துரு ஏறிக்கும். பார்க்கறதுக்கு அசல் மாதிரியே இருக்கும்."

பெனிட்டா கையில் இருந்த துணியை மேசையில் வீசினார். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பொறுமை அதோடு தீர்ந்தது. மூலையில் கிடந்த மேடைத் தராசைத் தரையோடு தரதரவென்று இழுத்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டார்.

"இது எதுக்குங்க?" என்றார் வையாபுரி.

"தகடு வெட்டணும்னீங்களே."

"அதான் பதினாலு கிலோன்னு சொல்லிட்டேனே."

"சார், அந்தப் பத்தொன்பது வயசுப் பொண்ணு வந்து ஓட்டறதா இருந்தா பதினாலு கிலோ வெட்டித் தர்றேன். இந்தம்மா ஓட்டறதா இருந்தா, முதல்ல இவங்களைத் தராசுல ஏறச் சொல்லுங்க."