பட்டாணி தானா வரணும்

காலையில பஸ் ஜன்னல் வழியா அந்தப் போர்டைப் பாத்ததுலேர்ந்து கோழிக்குஞ்சு கதை, கோழிக்குஞ்சு கதைன்னு என் உசுர வாங்கறியே மருமகனே. சரி வா, இந்தப் பக்கம் திரும்பிப் படு. காலை என் மேல போடாத, கனக்குது. கதை சொல்றேன். ஆனா இது நல்லா முடியற கதை இல்ல, இப்பவே சொல்லிட்டேன். நடுவுல அழுதீன்னா நிப்பாட்டிடுவேன். ம் கொட்டணும். கொட்டுவியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சாம். சாதாப் பள்ளிக்கூடம் இல்லடா, இன்டர்நேஷனல் ஸ்கூல். சுத்திலும் கண்ணாடிச் சுவரு, உள்ள போனா குளுகுளுன்னு ஏசி, பின்னாடி பிள்ளைங்க ஏறிப் பழக நெசக் குதிரை. அந்தப் பள்ளிக்கூடத்துல புக்கைத் தொறந்து வெச்சுப் படின்னு யாரும் சொல்ல மாட்டாங்களாம். எல்லாத்தையும் செஞ்சு பாத்துதான் கத்துக்கணும். நல்ல விஷயம்தான், நான் குத்தம் சொல்லல. எரிமலைப் பாடமா? களிமண்ணுல மலை கட்டி, ஆப்ப சோடாவும் வினிகரும் ஊத்தி, புஸ்ஸ்ஸுன்னு பொங்க விடுவாங்க. மழைப் பாடமா? பாட்டிலுக்குள்ள மழை பெய்ய வைப்பாங்க. பாதி வேலைய அப்பா அம்மா செய்வாங்க, ஸ்டார் மட்டும் பிள்ளைக்கு. உங்கப்பன் உனக்குத் தெர்மாக்கோல் வெட்டிக் குடுத்தான்ல, அந்த மாதிரி. சிரிக்காத.

அந்தப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாங்கிளாஸுக்கு ஒரு மிஸ்ஸு. பேரு பெனிட்டா மிஸ். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவங்க. அவங்களுக்கு ஒரு ஆசை. ஒரு உசுரு எப்படிப் பொறக்குதுன்னு பிள்ளைங்க கண்ணால பாக்கணும். அப்போ அவங்க என்ன செஞ்சாங்க, ஒரு பண்ணைக்குப் போயி மூணு முட்டை வாங்கிட்டு வந்தாங்க. கூடவே முட்டைக்குச் சூடு குடுக்கற ஒரு பொட்டி. கோழி இருபத்தோரு நாள் அடை காக்குதுல்ல, அந்த வேலைய அந்தப் பொட்டி செய்யும். பிள்ளைங்க அதுக்குச் சூட்டுப் பொட்டின்னு பேர் வெச்சுதுங்க.

முட்டைக்கும் பேர் வெச்சுதுங்க. ஒரு முட்டைக்கு ராக்கெட். இன்னொண்ணுக்கு ராணி. மூணாவது முட்டை சின்னது. அது சஷ்டிகாங்கற பொண்ணோட மேஜைக்கு வந்துச்சு. உன் வயசுதான், உன்ன மாதிரியே முன்பல்லு ரெண்டும் விழுந்த பொண்ணு. அவ அதுக்குப் பட்டாணின்னு பேர் வெச்சா.

"ஏன் பட்டாணி?"

அவளுக்குப் பட்டாணி புடிக்கும், வெச்சா. உனக்கு வெச்ச பேருக்கு மட்டும் பெரிய காரணம் இருக்கா? கேளு.

அப்புறம் பெனிட்டா மிஸ் பிள்ளைங்கள உக்கார வெச்சு ஒரு விஷயம் சொன்னாங்க. "ஓட்டுக்கு உள்ள மெல்லிசா ஒரு தோலு இருக்கும். அதுல ரத்தம் ஓடிட்டே இருக்கும். அந்த ரத்தத்த எல்லாம் குஞ்சு தனக்குள்ள இழுத்துக்கிட்ட பெறகுதான் வெளிய வரும். நாம அவசரப்பட்டு ஓட்ட உரிச்சோம்னா தோலு கிழிஞ்சு ரத்தம் போயிடும். அதனால யாரும் கை வைக்கக் கூடாது." இதையே ஒரு பாட்டா கட்டிச் சொல்லிக் குடுத்தாங்க. தானாக் கொத்தும், தட் தட். தானா ஒடைக்கும், தட் தட். தானா வரும், தட் தட். கை தட்டித் தட்டிப் பாடணும். சஷ்டிகா வீட்ல குளிக்கறப்பக்கூட அதைப் பாடுவாளாம்.

எல்லாம் சரிதான். ஆனா பொட்டிய ஆன் பண்ணணும்ல? அங்கதான் வந்துச்சு வெனை.

அந்தப் பள்ளிக்கூடத்துல எதைத் தொடங்கினாலும் சேர்மன்தான் வந்து ரிப்பன் வெட்டணுமாம். நீச்சல் குளத்துக்கு ரிப்பன். புது ஊஞ்சலுக்கு ரிப்பன். சூட்டுப் பொட்டிக்கும் ரிப்பன். சேர்மன் அப்போ வெளிநாட்டுல இருந்தாரு. முட்டைங்க மூலையில ஒரு கூடையில கம்முன்னு கெடந்துச்சுங்க. ஆபீஸ்ல அதுக்குள்ள கார்டு அடிச்சுட்டாங்க, "குஞ்சு பொரிப்பு விழா, அனைவரும் வருக"ன்னு. தேதி போட்டு, தங்க பார்டர் போட்டு, எல்லா வீட்டுக்கும் அனுப்பியாச்சு.

சேர்மன் வந்து சேந்தப்ப ரெண்டு நாள் தள்ளிப் போயிடுச்சு. கச்சக்குன்னு ரிப்பன வெட்டினாரு. டிக்குன்னு சுவிட்ச தட்டினாரு. எல்லாரும் படபடபடன்னு கை தட்டினாங்க. அப்போ பெனிட்டா மிஸ் மெதுவா, "சார், ரெண்டு நாள் லேட்டா ஆன் பண்ணிருக்கோம். விழாவையும் ரெண்டு நாள் தள்ளி வெச்சாத்தான் சரியா வரும்"னாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே, "கார்டு போயாச்சேம்மா. ரெண்டு நாள்தான, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னாரு.

முட்டைகிட்ட போயி யாருடா அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்றது? அன்னிக்கே அந்தம்மா வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தலைய ஆட்டிட்டு வந்துட்டாங்க. வேலை போயிடும்னு பயம். எனக்கு அவங்க மேல பாவமாவும் இருக்கு, கோவமாவும் வருது. ம் எங்க?

"ம்."

அப்புறம் ஒரு நாள் மிஸ் ரூம இருட்டாக்கி முட்டைக்கு அடியில டார்ச் அடிச்சுக் காட்டினாங்க. உள்ள செவப்பு நூல் நூலா ஓடுச்சு. நடுவுல ஒரு புள்ளி, துடுக் துடுக் துடுக்னு துடிச்சுச்சு. "அது என்ன மிஸ்?" "அதான் பட்டாணியோட இதயம்." அன்னிலேர்ந்து சஷ்டிகா பஸ்ஸ விட்டு எறங்கினதும் குடுகுடுன்னு ஓடிப்போயி பொட்டி முன்னாடி உக்காந்துக்குவா. கண்ணாடியில மூக்க வெச்சுக்கிட்டு பாட்டப் பாடுவா. வீட்ல என்ன குழம்பு, ரைம்ஸ்ல யாரு தப்பா சொன்னாங்க, எல்லாம் அதுகிட்டதான் சொல்லுவா.

அப்புறம் ரெண்டு வாரம் ஓடுச்சு. விழா நாளும் வந்துச்சு. வாசல்ல செண்டை மேளம், டம் டம் டம். ஆடிட்டோரியம் நெறைய அப்பா அம்மா, ஆளுக்கு ஒரு போன தூக்கிப் புடிச்சுட்டிருக்காங்க. குஞ்ச மேடைக்குக் கொண்டு போக சஷ்டிகாவத்தான் எடுத்திருந்தாங்க. மஞ்சள் கவுனு, முதுகுல ரெண்டு இறக்கை, மூக்குல அட்டை அலகு. பாக்க அவளே ஒரு குஞ்சு மாதிரிதான் இருந்தா.

ஆனா முட்டைங்க? முட்டைங்களுக்கு ரெண்டு நாள் பாக்கி. ஓட்டுல அப்பத்தான் சின்னச் சின்னதா ஒரு விரிசல். சஷ்டிகா நகத்தால பொட்டிய டொக்குன்னு தட்டினா. பட்டாணி உள்ளேர்ந்து டொக்குன்னு தட்டுச்சு. அவ சிரிச்சா. அதுவும் கீச்னுச்சு, ஓட்டுக்குள்ளேர்ந்தே.

அப்போ கிளாஸ் கதவத் தொறந்துட்டு சேர்மன் உள்ள வந்தாரு. "வந்துச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"ஜனங்க காத்துட்டிருக்காங்கம்மா. அதான் விரிசல் விட்டிருச்சே. கொஞ்சம் உரிச்சு விடுங்க, வந்துடும்."

பெனிட்டா மிஸ் அவரையும் பாத்தாங்க, முட்டையயும் பாத்தாங்க. ராக்கெட்ட எடுத்தாங்க. ஓட்ட ஒரு துண்டு பேத்தாங்க. சளக்னு ரத்தம். மிஸ்ஸோட வெரலெல்லாம் செவப்பு. ராக்கெட் ஒரு தடவ உதைச்சுச்சு. அப்புறம் உதைக்கல.

"அவசரப்பட்டுட்டீங்க. அடுத்தத எடுங்க, நான் பாத்துப் பண்றேன்"னு சேர்மனே ராணிய வாங்கிக்கிட்டாரு. பஞ்ச நனைச்சு நனைச்சு, மெதுவா, மெதுவாத்தான் உரிச்சாரு. முழுசா வெளிய வந்துச்சு. ஆனா வயித்துல மஞ்சக் கரு உள்ள போகாம அப்படியே தொங்கிட்டிருந்துச்சு. கீச், கீச். ரெண்டே தடவ. டிஷ்யூவ எடுத்து மூடிட்டாரு.

என் கையப் புடிச்சுக்கோ. அழாத. நிப்பாட்டவா?

"வேணாம். பட்டாணி?"

மூணாவதா பட்டாணி. சஷ்டிகா ஓடிப்போயி பொட்டிய மறைச்சு நின்னுக்கிட்டா, இறக்கையெல்லாம் நசுங்க. "மிஸ், நீங்கதான சொன்னீங்க? தானா வரணும்னு நீங்கதான சொன்னீங்க?" மிஸ் வெரல சேலைத் தலைப்புல தொடைச்சுக்கிட்டே இருந்தாங்க. தலை நிமிரவே இல்ல.

சேர்மன் முட்டி போட்டு உக்காந்தாரு. கெட்ட மனுஷன் மாதிரி இல்லடா, அன்பாத்தான் பேசினாரு. "பாப்பா, வெளிய உங்க அம்மா வந்திருக்காங்கல்ல? எல்லாரும் பட்டாணியப் பாக்கத்தான் வந்திருக்காங்க. தள்ளிக்கோடா கண்ணு." சொல்லிக்கிட்டே கைய நீட்டினாரு. பெரிய கை, மோதிரம் போட்ட கை, ராணிய உரிச்ச கை. சஷ்டிகா அந்தக் கையப் பாத்தா. இந்தக் கை பட்டா பட்டாணி அவ்ளோதான்னு அவளுக்குத் தோணுச்சு. நம்ம கை சின்னதுதான, நாம உரிச்சா வலிக்காதுன்னு நெனச்சுட்டா.

"நான் பண்றேன்"னா.

ஐயோ, அந்தப் புள்ளை வாயால அதைச் சொல்ல வெச்சுட்டாங்களே, அதான் எனக்குத் தாங்கல.

உள்ளங்கையில வெச்சுக்கிட்டா. தானாக் கொத்தும்னு மெதுவாப் பாடிக்கிட்டே ஒரு துண்டு. தானா ஒடைக்கும், இன்னொரு துண்டு. நூலு மாதிரி ஒரு கோடு ரத்தம். அவ நிறுத்திட்டு டொக்குன்னு தட்டினா, உள்ளேர்ந்து டொக்குன்னுச்சு. தானா வரும்... வந்துச்சு. நனைஞ்சு போயி, தலையத் தூக்க முடியாம, அவ உள்ளங்கை அளவுக்கு. கீச். உசுரோட வந்துடுச்சு!

"பொழைச்சுதா அத்தை?"

கேளுடா. "சபாஷ்"னுட்டு சேர்மன் அவளைக் கூட்டிட்டு மேடைக்குப் போயிட்டாரு. மிஸ் பின்னாடியே, "சார், அது காயணும், சூட்டுல வெக்கணும்"னு ஓடியாந்தாங்க. செண்டை மேளத்துல யாருக்குக் கேக்கும்? மேடையில ஜில்லுன்னு ஏசி. சஷ்டிகா கையக் குவிச்சு, குனிஞ்சு, வாயால ஊதி ஊதிச் சூடு குடுத்தா.

அப்போ சேர்மன் மைக்க அவ வாய்கிட்ட நீட்டி, "சொல்லுடா, உன் பட்டாணி எப்படி வந்துச்சு?"ன்னாரு.

அவ சொன்னா, "தானா வரல. நாங்க உரிச்சுட்டோம்."

கொல்லுன்னு சிரிச்சாங்க எல்லாரும். என்னமாப் பேசுது பாருங்கன்னு கை தட்டினாங்க. அப்போ பட்டாணி ஒரு தடவ கீச்னுச்சு. மைக்கு பக்கத்துல இருந்துச்சா, ஆடிட்டோரியம் முழுக்கக் கேட்டுச்சு அந்தச் சத்தம். எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டினாங்க. படபடபடபடன்னு, ரொம்ப நேரம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல பட்டாணியோட கழுத்து அவ வெரல் மேல சாஞ்சுச்சு.

சஷ்டிகா முன்வரிசையில இருந்த அவங்கம்மாவைப் பாத்து, "அம்மா, இது ஆடல"ன்னா. அவங்கம்மா போன்ல கண்ண வெச்சுக்கிட்டு, "சிரி செல்லம், போட்டோ எடுக்கறாங்க பாரு"ன்னாங்க. "அம்மா, இது ஆடலம்மா." "சிரிடா." அவ சிரிச்சா. கிளிக்.

அப்புறம் திங்கக்கிழமை கிளாஸ்ல பெனிட்டா மிஸ் வழக்கம்போல பாட்டுக்குக் கைய தூக்கினாங்க. ஒரு பிள்ளைகூடப் பாடல. மிஸ்ஸும் கைய எறக்கிட்டாங்க. அடுத்த மாசம் வேற ப்ராஜெக்ட் வந்துச்சு, புழு பட்டாம்பூச்சி ஆகற ப்ராஜெக்ட். அதுக்கும் கார்டு அடிச்சாச்சாம். எல்லாப் பிள்ளைங்களும் புழுவுக்குப் பேர் வெச்சுதுங்க. சஷ்டிகா மட்டும் வெக்கல.

அந்தப் போட்டோ ரொம்ப நல்லா வந்திருந்துச்சாம். மஞ்சள் கவுனு, பொக்கை வாய்ச் சிரிப்பு, கையில குஞ்சு. அதைப் பெருசாக்கி, "இங்கே அட்மிஷன் நடைபெறுகிறது"ன்னு எழுதி, பைபாஸ் ரோட்டுல போர்டு வெச்சுட்டாங்க. சஷ்டிகாவோட ஸ்கூல் பஸ் தெனமும் அந்த வழியாத்தான் போகும். போர்டு வர்றதுக்கு முன்னாடியே அவ தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குவாளாம்.

"அத்தை."

ம்.

"காலையில நாம பாத்த போர்டா?"

ஆமாண்டா.

"நான் சொன்னேன்ல, அந்தப் பொண்ணு கையில குஞ்சு தூங்குதுன்னு."

சொன்ன.

"தூங்கலயா?"

இல்லடா தங்கம். அது தூங்கல.

இங்க வா, இன்னும் கிட்ட வா. காலை வேணும்னா மேல போட்டுக்கோ, பரவால்ல. கதை தீந்துச்சு, போர்வை வந்துச்சு. நீ தூங்கு.